முப்பது அங்குல அம்பாள்

அம்பாளின் விரல்களுக்கு நடுவில் பஞ்சு வைக்கும்போது அஞ்சுகம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சு தானாக நின்றுபோகுமே, அதுபோல வந்த பழக்கம். இன்றைக்கு வலது கையின் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் பஞ்சைத் திணித்தவள் மூச்சை விட மறந்துபோய், நெஞ்சு அடைத்த பிறகுதான் விட்டாள். மணி பத்து நாற்பது. செல்போன் மேஜை ஓரத்தில் மல்லாந்து கிடந்தது. பதினோரு மணிக்குத் தஞ்சாவூரில் சுகந்திக்கு ஸ்கேன். இந்நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். வயிறு முட்டக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் படம் தெளிவாகத் தெரியும் என்பார்கள். முதல் தடவை அஞ்சுகம்தான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ரெண்டு மடக்கு, இன்னும் ஒரே ஒரு மடக்கு என்று மகளைக் குடிக்க வைத்தாள். இப்போது பாட்டில் யார் கையில் இருக்கும். மாப்பிள்ளை பிரகதீஸ் நல்ல பையன்தான், ஆனால் குடி என்று நீட்டிவிட்டுச் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். மடக்கு மடக்காகக் கொடுக்கத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, குடிக்கிறது அவள்தானே. அவள் என்ன குழந்தையா. குழந்தை என்ற சொல் வந்ததும் அஞ்சுகம் அடுத்த பஞ்சுக்கு அவசரமாகக் கையை நீட்டினாள்.

கும்பகோணத்தில் அந்தக் கடையின் முன்பக்கம் கண்ணாடியும் விளக்குமாக இருக்கும். பின்பக்கம் தகரக் கொட்டகை, அதுதான் பேக்கிங் செய்கிற இடம். முன்பக்கம் வருகிறவர்கள் அம்மனை முகத்திலிருந்து பார்க்க ஆரம்பிப்பார்கள். அஞ்சுகத்துக்கு அம்மன்கள் எல்லாரும் நுனியிலிருந்துதான் பழக்கம். சரஸ்வதி என்றால் வீணையின் கழுத்து. லட்சுமி என்றால் மேல் கை இரண்டிலும் இருக்கிற தாமரை மொட்டு, இதழ் நுனி துணியில் மாட்டிக்கொண்டு இழுக்கும். மீனாட்சி என்றால் கிளியின் மூக்கு. துர்க்கையைத்தான் யாரும் பேக்கிங் பண்ண விரும்ப மாட்டார்கள், எட்டுக் கை, எட்டிலும் ஒவ்வொன்று, சூலத்தையும் வாளையும் தனியாகக் கழற்றித் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி எண்ணிப் பார்த்து வைக்க வேண்டும். பித்தளை சும்மா உடைந்துவிடாது, ஆனால் மெல்லிசான இடம் வளையும், வளைந்ததை நிமிர்த்தப் போனால் விரிசல் விடும். கப்பலில் போய் இறங்குகிற பெட்டியை எவன் எப்படிப் போடுவான் என்று யாருக்குத் தெரியும். அதனால் எங்கெல்லாம் சிற்பி ரொம்ப ஆசைப்பட்டு வேலை செய்திருக்கிறானோ அங்கெல்லாம் அஞ்சுகம் கூடுதலாகப் பஞ்சு வைப்பாள். அழகும் ஆபத்தும் எப்போதும் ஒரே இடத்தில்தான் இருந்தன. சுகந்தி பிறந்தபோது அந்தக் காது மடலைப் பார்த்து இப்படித்தான் பயந்தாள், இவ்வளவு மெல்லிசாக ஒன்றைக் கையில் கொடுத்து வளர்த்துக்கொள் என்கிறார்களே என்று.

இன்றைக்குப் போகிறவள் முப்பது அங்குலப் பார்வதி. நின்ற கோலம். கனடாவில் ஸ்கார்பரோ என்கிற ஊருக்கு விலாசம், ஒரு மணிக்கு லாரி வரும். இரண்டே கை. வலது கை பூ வைத்துக்கொள்கிற மாதிரி விரல்களை வளைத்திருந்தது, பூவை வீட்டுக்காரர்கள்தான் தினம் வைத்துக்கொள்ள வேண்டும். இடது கை சும்மா தொங்கியது. உடம்பு மூன்று இடத்தில் ஒசிந்திருந்தது, கழுத்தில் ஒரு சாய்வு, இடுப்பில் ஒரு சாய்வு, முழங்காலில் ஒன்று. இடுப்பில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு வருமே, அந்தச் சாய்வு. ஆனால் இடுப்பில் ஒன்றும் இல்லை. அஞ்சுகம் மெல்லிய வெள்ளைத் தாளை எடுத்து அந்த இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோனாள். நீ வர வேணாம்மா. முந்தாநாள் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது. இந்தத் தடவை நீ வர வேணாம்மா, அவரு லீவு போட்டிருக்காரு, அவரு வந்தாப் போதும். சரிடி, எனக்கும் கடையில வேலை கெடக்கு என்று சொல்லிவிட்டாள். சட்டென்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்லாமல் ஏன்டி என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் சொல்லியிருப்பாள். சொல்லிவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை. கேட்காததை இப்போது தாளைச் சுற்றிக்கொண்டே பத்துத் தடவை கேட்டாயிற்று.

சொல்லாவிட்டாலும் தெரியாதா. இரண்டாவது தடவை கலைந்தபோது சுகந்தியின் மாமியார் அடுப்படியில் நின்று யாருக்கோ போனில் சொன்னது அஞ்சுகத்தின் காதில் விழத்தான் சொன்னது. ரெண்டு தடவையும் அவுங்க அம்மாதான் கூடப் போனாங்க. அவ்வளவுதான் சொன்னார், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். நடந்ததைச் சொன்னவரை என்ன செய்வது. ரெண்டு தடவையும் அவள்தான் கூடப் போனாள், நிஜம். அவளுக்குப் புருஷன் இல்லை, நிஜம். ஒவ்வொரு நிஜமாக எடுத்து அடுக்கினால் கடைசியில் அவள்தான் காரணம் என்று வருகிற மாதிரி இருந்தது. ராசி என்று ஒன்று உண்டா. முன்பக்கத்தில் சிலை வாங்க வருகிறவர்கள் சிலர் போணி பண்ணுகிற நேரத்தில் யார் எதிரே வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். அதையெல்லாம் பார்த்துச் சிரித்தவள்தான். மகள் விஷயம் என்று வந்ததும் சிரிப்பு எங்கே போயிற்று. நான் போகாமல் இருந்தால் அது தங்கும் என்றால் நான் போகவே வேண்டாம், பிறந்த பிறகும்கூட வேண்டாம், தூரத்தில் இருந்துகொள்கிறேன், போட்டோ அனுப்பினால் போதும். அப்படி ஒன்றை மனம் தானாகப் பேரம் பேச ஆரம்பித்ததும் அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது. கையில் இருந்த தாள் கிழிந்துவிட்டது. வேறு எடுத்தாள்.

“பெட்டி ரெடி,” என்றார் ஜமால் பாய்.

கொட்டகையின் மறுகோடியில் மரப்பெட்டி செய்கிறவர். அறுபது தாண்டியவர். வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிக்குச் சூட்டில் வைத்துப் புழுவெல்லாம் செத்துப்போன முத்திரைப் பலகைதான் வேண்டும், அதற்கு மேல் ஒரு சின்னத் துண்டுகூட வேறு மரம் இருக்கக் கூடாது, அதில் அவர் கறார். ஸ்கேன் விஷயம் தெரிந்தும் காலையிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சுத்தியலை இன்றைக்கு மெதுவாக அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தி, மேஜைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த அடி.

“அடியில ரெண்டு அடுக்கு ஸ்பாஞ்சு போட்டுருங்க பாய். பீடம் வெயிட்டு.”

“போட்டாச்சு. மணி என்னம்மா?”

“பத்து அம்பது.”

“பதினொண்ணுன்னா பதினொண்ணுக்கா கூப்புடுவான். எம் பேத்திக்கு எடுக்கப் போனப்ப ரெண்டு மணி நேரம் உக்கார வச்சான். நீ பாட்டுக்கு வேலையப் பாரு.”

வேலையைப் பார்த்தாள். இனி முகம். முகத்தை எப்போதும் கடைசியில்தான் மூடுவாள், மற்றவர்கள் மேலே இருந்து கீழே வருவார்கள், அவளுக்கு அது ஆகாது, முகத்தை மூடிவிட்டு உடம்பில் வேலை செய்தால் என்னவோ போல இருக்கும். மல்துணியால் கன்னத்தைத் துடைத்தாள். பித்தளையில் விரல் பட்டால் பட்ட தடம் நாளைக்குக் கறுத்து நிற்கும். மூக்கு நேராக இறங்கி நுனியில் மட்டும் கொஞ்சம் யோசித்த மாதிரி நின்றது. கண் பாதிதான் திறந்திருந்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் கண்ணை எத்தனை முறை துடைத்திருப்பாள், இவள் சந்தோஷமாக இருக்கிறாளா வருத்தமாக இருக்கிறாளா என்று ஒரு தடவையும் தீர்மானமாகச் சொல்ல முடிந்ததில்லை. உதட்டைப் பார்த்தால் சிரிக்கப் போகிற மாதிரி இருக்கும், கண்ணைப் பார்த்தால் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். சிற்பி உளியை எங்கே நிறுத்தினான் என்பதுதான் அந்த முகம். இன்னும் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் சிரித்திருப்பாள். தட்டவில்லை. போன வாரம் இவளை வாங்கிய அம்மா, யாழ்ப்பாணப் பேச்சு, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார், முன்பக்கத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார், “இங்க இருக்கிற எல்லாக் கையும் ஏதோ செய்யுது. இந்தக் கை மட்டும் ஏன் சும்மா தொங்குது?” விற்பனைக்கு நிற்கிற பையன்கள் என்றால் அபயம், வரதம் என்று அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுவார்கள். இதற்கு அவர்களுக்குப் பதில் தெரியவில்லை. முதலாளிதான் எழுந்து வந்து, “அது பசு மாட்டு வால் மாதிரி விடணும்னு சாஸ்திரம்மா, பலமே குடுக்காம, தானா தொங்கணும், அதுல வெறப்பு வந்துட்டா செல போச்சு,” என்றார். அந்த அம்மா தன்னுடைய இடது கையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். வரவில்லை. விரல் எதையோ பிடிக்கிற மாதிரி மடங்கியது. “கஷ்டமாத்தான் இருக்கு,” என்று சொல்லிச் சிரித்தார். சிலையை எடுத்துவர நின்றிருந்த அஞ்சுகமும் யாருக்கும் தெரியாமல் முந்தானைக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள், அவளுக்கும் வரவில்லை.

முதல் தடவை ஸ்கேன் எடுத்தபோது அவளுடைய அந்தக் கை சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இருட்டான அறை, ஏசி குளிர், வயிற்றில் ஏதோ பசை மாதிரி தடவினார்கள். அம்மா மட்டும் இருக்கலாம் என்று உள்ளே விட்டார்கள். டாக்டர் சின்னப் பெண். ஏதோ பேசிக்கொண்டே கருவியை வயிற்றின்மேல் ஓட்டினாள். இட்லிக் கடையைப் பற்றி, தஞ்சாவூரில் எந்த இட்லிக் கடை நல்லது என்று. ஓட்டிக்கொண்டிருந்த கை ஓர் இடத்தில் நின்றது. பேச்சும் நின்றது. அந்தக் கையைத்தான் அஞ்சுகம் பார்த்தாள். கைகளைப் பார்த்தே பழகிப்போனவள், கை நின்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், வார்ப்பில் குறை தெரிந்தால் அரம் போடுகிற ஆளின் கை அப்படித்தான் நிற்கும். டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒன்பது வாரம். இரண்டாவது தடவை வேறு இடம், வேறு டாக்டர், பதினோரு வாரம், கை நின்றது மட்டும் அதேபோல. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது சுகந்தி ஒரு பொட்டலம் வறுத்த கடலையை வாங்கி ஒன்று விடாமல் தின்றாள். தோலைக்கூட ஊதவில்லை. அஞ்சுகத்துக்கு ஒன்று நீட்டவும் இல்லை. அய்யம்பேட்டை தாண்டியதும் காலிப் பொட்டலத்தை நான்காக மடித்து அம்மாவின் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான், அழவில்லை. அந்தக் காகிதத்தை என்ன செய்தோம். வீட்டுக்கு வந்து பையைத் துழாவியபோது இருந்தது. எறியவும் மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் அது ஒன்றும் இல்லை. எங்கே போட்டோம் என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவே இல்லை. இன்றைக்கும் பதினோரு வாரம்தான். பதினோரு வாரம் மூன்று நாள். மூன்று நாள் தாண்டியிருக்கிறது. மூன்று நாள் என்பது ஒன்றுமே இல்லை. இல்லை, மூன்று நாள் என்பது பெரிசு.

கன்னத்தில் பஞ்சு, நெற்றிக்கு மேலே கிரீடத்தின் ஓரம் முழுக்கப் பஞ்சு. அதற்கு முன் வயிற்றுக்கு இன்னொரு சுற்று. வயிற்றுக்கு அவ்வளவு தேவையில்லைதான், கனமான இடம், ஒன்றும் ஆகாது. இருந்தாலும் சுற்றினாள். ஒடுக்கமான இடுப்புக்குக் கீழே வயிறு லேசாகப் பூரித்திருந்தது. தொப்புளுக்கு மேலே மூன்று கோடு. பார்க்கிறவர்கள் பிள்ளை பெற்ற வயிறு என்பார்கள். ஆனால் இவள் எங்கே பெற்றாள் என்று அஞ்சுகத்துக்குத் திடீரென்று தோன்றியது. பெரியவனை உடம்பிலிருந்து மஞ்சளை வழித்துத்தானே பிடித்து வைத்தாள். சின்னவன் நெருப்புப் பொறியாக எங்கேயோ விழுந்து, பொய்கையில் கிடந்து, யார் யாரோ பால் கொடுத்து வளர்த்து, பிறகு இவள் போய் ஆறையும் சேர்த்து அணைத்து எடுத்துக்கொண்டாள். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை இவளுக்கு. ஊரெல்லாம் அம்மா என்று கூப்பிடுகிற ஒருத்திக்கு வயிற்றில் ஒன்றுமே தங்கவில்லை என்பதை இத்தனை வருஷம் யோசிக்காமல் எப்படி இருந்தோம். ஒருவேளை மஞ்சளை வழித்தது விளையாட்டாக இருக்காது. ஒருவேளை ரொம்ப நாள் குளியலறையில் தனியாக உட்கார்ந்து யோசித்துவிட்டுத்தான் வழித்தாளோ என்னவோ. அப்படி என்றால் இவளுக்குத் தெரியும். எப்படி இருக்கும் என்று தெரியும். சொல்லலாம் இவளிடம். ஆனால் அஞ்சுகம் இந்தத் தடவை யாரிடமும் வேண்டிக்கொள்ளவில்லை. முதல் தடவை மாரியம்மனுக்கு மாவிளக்கு, இரண்டாவது தடவை கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் நெய்யால் படி மெழுகி, வரிசையில் நின்று, படிக்கட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்து. இந்தத் தடவை வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தாள். கேட்டால்தானே இல்லை என்று சொல்ல முடியும். கேட்காமல் இருந்தால் அவர்களுக்கும் ஞாபகம் வராது, விட்டுவிடுவார்கள். ஆனால் கேட்காமல் இருக்கிறேன் பார் என்று மனசுக்குள் காட்டிக்கொண்டே இருப்பதும் கேட்பதுதானோ. அஞ்சுகம் வயிற்றைச் சுற்றிய தாளின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கீழே பித்தளை குளிர்ந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கைச்சூட்டுக்கு அதுவும் வெதுவெதுப்பாக ஆனது. எந்த வார்த்தையும் வரவிடாமல் அப்படியே வைத்திருந்தாள்.

போன் அடித்தது. பஞ்சுருண்டை கையிலிருந்து விழுந்து உருண்டது. ஓடிப்போய் எடுத்துக் காதில் வைத்தாள்.

“வணக்கம், உங்கள் எண்ணுக்கான சிறப்புச் சலுகை,” என்றது ஒரு குரல்.

அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பதினொன்று இருபது. முகத்தை மூட வேண்டும். ஜமால் பாய் எழுந்து வந்து குனிந்து, விழுந்த பஞ்சைப் பொறுக்கிக் கொடுத்தார். வெள்ளைத் தாளை முகத்தின்மேல் போட்டதும் மூக்கும் உதடும் தாளுக்குக் கீழே மேடாகத் தெரிந்தன, ஒவ்வொரு தடவையும் புருஷனுக்கு முகத்தில் துணி போட்ட ஞாபகம் வரும். அதனால் சட்டென்று பஞ்சையும் ஸ்பாஞ்சுத் தாளையும் சுற்றி வெறும் உருண்டையாக்கிவிடுவாள். பிறகு காற்றுக் கொப்புளங்கள் வைத்த பிளாஸ்டிக் தாள். பிறகு நாடா. இடது கைக்கு மட்டும் அட்டையை உருட்டிக் குழாய் மாதிரி செய்து உள்ளே விட்டு, சுற்றிலும் பஞ்சை அடைத்தாள். எதையும் பிடிக்காத கையைப் பத்திரமாக அனுப்புவதுதான் இருக்கிறதிலேயே கஷ்டம். வேறு கையென்றால் பிடித்திருக்கிற பொருளோடு சேர்த்துக் கட்டிவிடலாம், உடம்போடு ஒட்டி இருந்தால் உடம்போடு சேர்த்துக் கட்டலாம். இது எதிலும் படாமல் காற்றில் தொங்கியது. சுகந்திக்கு ஐந்து வயதில் மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தூங்குகிற அவள் கை கட்டிலுக்கு வெளியே இப்படித்தான் தொங்கிற்று. ராத்திரி பூரா அதை எடுத்து மேலே வைப்பதும் அது திரும்ப விழுவதுமாக இருந்தது. விடியற்காலையில் நர்ஸ் வந்து, ஏம்மா அதப் போட்டுப் படுத்துற, அசந்து தூங்குதுன்னு அர்த்தம், காய்ச்சல் விட்டுருச்சு என்றாள். அந்த நர்ஸின் பெயர் என்ன. ஏதோ பூவின் பெயர். தாழை. தாழையம்மாள். அது ஞாபகம் இருக்கிறது, கடலைப் பொட்டலக் காகிதம் எங்கே போயிற்று என்று மட்டும் ஞாபகம் வரவில்லை.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, இருவரும் அம்பாளைப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். நாலு பக்கமும் தெர்மோகோல் சரியாக உட்கார்ந்தது. அஞ்சுகம் இடுக்குகளில் காகிதச் சுருளை அள்ளி அள்ளி அடைத்தாள். முன்பெல்லாம் வைக்கோல். இப்போது வைக்கோலை வெளிநாட்டில் விடுவதில்லை. பதினொன்று நாற்பது. நாற்பது நிமிஷம் என்றால் உள்ளே போயிருப்பாள். நாற்பது நிமிஷம் என்றால் வெளியேயும் வந்திருப்பாள். வந்திருந்தால் கூப்பிட்டிருப்பாள். நல்லது என்றால் உடனே கூப்பிட்டிருப்பாள். கூப்பிடவில்லை என்றால். ஜமால் பாய் மூடியைத் தூக்கி மேலே பொருத்தி முதல் ஆணியை வைத்தார். ஒரு அடி. அடுத்த ஆணி. அஞ்சுகத்துக்கு வாய்க்குள் பித்தளை வாசனை அடித்தது. ஐந்தாவது ஆணியோ ஆறாவது ஆணியோ, அவர் சுத்தியலை ஓங்கியபோது மறுபடியும் போன் அடித்தது. அவர் ஓங்கிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“அம்மா.”

“சொல்லுடி.”

மறுபக்கம் மூச்சு மட்டும் வந்தது. அஞ்சுகம் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கும்மா. நல்லா இருக்கு. துடிக்குது. கையக் கால ஆட்டுது, குதிக்குதும்மா. டாக்டரு சிரிக்கிறாரு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாத்தானே அளக்க முடியும்ங்கிறாரு.”

“சரிடி,” என்றாள் அஞ்சுகம். “சரிடி. தண்ணி குடிச்சியா?”

“குடிச்சேன். அவரு ஒரே மூச்சுல குடிக்கச் சொல்லி வாந்தி வந்துருச்சு. திரும்பக் குடிச்சேன். அதான் லேட்டு.”

“மடக்கு மடக்கா குடிக்கணும்டி.”

“தெரியும்மா.” பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. “அம்மா, உன்ன வர வேணாம்னு சொன்னனே. நீ என்ன நெனச்ச?”

“ஒண்ணும் நெனைக்கல. கடையில கனடா ஆர்டரு. அதுல இருந்தேன்.”

“பொய் சொல்லாத. எங்க அத்தை சொன்னதத்தான் நெனச்சிருப்ப. அது இல்லம்மா. ரெண்டு தடவையும் டாக்டர் எனக்குச் சொல்லவே இல்ல. அவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி உன் மூஞ்சி சொல்லிருச்சு. நான் ஸ்கிரீனப் பாக்கறதே இல்ல, உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எனக்கு இப்பவும் கண்ண மூடுனா அந்த மூஞ்சிதான் வருது. இன்னொரு தடவ அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. அதான். போன்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அஞ்சுகம் தன் முகத்தை ஒரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அங்கே என்ன இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும். அவள் டாக்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மகள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு யாரு மூஞ்சியப் பாத்த?”

“அவரத்தான் பாத்தேன். அவரு பயத்துல கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிறாரு. என்னமோ முணுமுணுத்துக்கிட்டு. அதுல ஒண்ணும் தெரியல. சரின்னு நானே ஸ்கிரீன் பக்கம் திரும்பிட்டேன்.” சுகந்தி சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. “நானே பாத்தேம்மா.”

“நீயே பாத்தியா.”

“ம். சாயங்காலம் வா. போட்டோ குடுத்திருக்காங்க. உனக்கு ஒண்ணும் புரியாது, நான் காட்றேன்.”

“வரேன். என்னடி வேணும், என்ன செஞ்சு எடுத்துட்டு வரட்டும்?”

“வத்தக்கொழம்பு. எங்க அத்தைக்கும் சேத்துக் கொண்டா. வெளியதான் நிக்கிறாங்க, காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல.”

போன் அணைந்த பிறகும் அஞ்சுகம் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். ஜமால் பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித் தாடியைத் தடவிக்கொண்டார். சரி, மூடியை அடிங்க பாய் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். வேறு ஏதோ வந்தது. முதலில் அது சிரிப்பு என்றே நினைத்தாள். சிதறிக் கிடந்த காகிதச் சுருளின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வாரத்துக்கு ஒன்று, பதினோரு வாரத்துக்கு ஒன்று. அந்த இரண்டுக்காகவும் அவள் அதுவரை அழுததில்லை. மகள் அழவில்லையே, நாம் எப்படி அழுவது என்று இருந்தாள். மகளுக்குத் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது, சம்பந்திக்கு எதிரில் நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது, மறுநாள் கடைக்கு வர வேண்டியிருந்தது. இப்போது மூன்றாவது ஒன்று தஞ்சாவூரில் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்கும்போது, ஆட்டாமல் போன அந்த இரண்டும் வந்தன. அவற்றுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, எவ்வளவு நீளம் இருந்தன என்றுகூடத் தெரியாது. அவள் அவற்றுக்காக வாய்விட்டு அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் சத்தம் நிற்கவில்லை.

ஜமால் பாய் பக்கத்தில் வரவில்லை. தண்ணீர் வேணுமா என்றும் கேட்கவில்லை. கொட்டகை வாசலுக்குப் போய் இரண்டு கையையும் நிலையில் ஊன்றி, வழியை அடைத்துக்கொண்டு நின்றார். முன்பக்கத்திலிருந்து மேனேஜர் வந்தார்.

“என்ன பாய், கனடா பெட்டி முடிஞ்சுதா? லாரிக்காரன் சீக்கிரமே வரேங்கிறான்.”

“இன்னும் அரைமணி நேரம் ஆகும்.”

“ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுச்சே.”

“கேட்டுருக்கும்,” என்றார் ஜமால் பாய். “மூடி சரியா உக்காரல சார். பிரிச்சுத் திரும்ப அடிக்கணும். லாரிய நிக்கச் சொல்லுங்க.”